பந்தலில் தொங்கிய காகித மாதுளை

ஜெருசலேம்

என் செல்லக் கண்ணு கிலாதுக்கு,

நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர. நீயும் மருமகளும் குட்டி லியோராவும் அந்த மாண்ட்ரியல் குளிரில் சுகமாக இருக்க வேண்டும், பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லாய் போட்டு விடு. கூடாரப் பண்டிகை நேற்றோடு முடிந்தது, எனக்கு இன்னும் பந்தலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு மயக்கம். பேரீச்ச ஓலைக் கூரை வழியாக வெயில் சொட்டுச் சொட்டாக மேசையில் விழும், தெருக்கோடியில் யாரோ வயலின் வாசிப்பார்கள், எந்தெந்த நாட்டுப் பேச்சோ காற்றில் மிதந்து வரும், நான் கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பேன். எப்போதும் போல நம் பந்தலைக் காட்டுவதற்காகச் சுற்றுலா வழிகாட்டிப் பெண் வெளியூர்க்காரர்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்தாள், அப்பாவும் சளைக்காமல் ஏலக்காய் டீ ஊற்றிக் கொடுத்தார்.

நீ சந்தைக் கடையை உதறிவிட்டுப் போனதிலிருந்து அவர் உன் பேரை எடுப்பதில்லை, பேத்தி பேரையும்தான், அது உனக்குத் தெரிந்ததே. இந்த வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. லியோரா கோணல் எழுத்தில் தன் பேரைப் போட்டுக் காகித மாதுளை ஒன்று செய்து அனுப்பினாளே, அதைப் பண்டிகை பிறக்கிற சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரத்தில் அவர் நாற்காலிக்கு நேர் எதிரே கட்டிவிட்டேன். பண்டிகை பிறந்துவிட்டால் பந்தல் அலங்காரத்தில் கை வைக்கக் கூடாது, முடியும்வரை கழற்றவும் கூடாது, உங்கள் அப்பாவா மீறுவார்! உட்கார்ந்தார், நிமிர்ந்து பார்த்தார், முகம் கடுகடுத்தது. "ஏண்டி ஃப்ளோரா, வேணும்னேதானே பண்ணினே?" என்றார். "ஆமா, வேணும்னேதான். சூப் ஆறுது, சாப்பிடுங்க" என்றேன். உள்ளுக்குள் பயம்தான், பண்டிகை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவாரோ என்று.

வந்தவர்கள் கண்ணெல்லாம் அதன் மேலேயே. இது யார் செய்தது என்று முதலில் கேட்டவர்களிடம் "யாரோ ஒரு குழந்தை" என்று முறைத்தார். அப்புறம் வந்தவர்களிடம் "கனடாவில ஒரு பொண்ணு" என்று இறங்கி வந்தார். கடைசி நாள் ஒரு பெரியவர் மாதுளை கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்று சிரித்தார், வந்ததே பார் கோபம்! "கோணலா? அஞ்சு வயசுப் பிள்ளை வெட்டினதுய்யா! உங்க வீட்டுல யாராவது வெட்டுவாங்களா இப்படி? எம் பேத்தி வெட்டியிருக்கா!" என்று கத்திவிட்டார். கத்தின பிறகு அவரே திகைத்துப் போய் நின்றார். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

இன்று காலை அலங்காரத்தை எல்லாம் அவரே அவிழ்த்தார். மாதுளையைக் கிழிக்கவில்லையடா. கையில் வைத்துக்கொண்டு, "அவ என்னை எப்படிடி கூப்பிடுவா? நம்ம பாஷை பேசுவாளா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன், தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கடவுள் உங்கள் மூவரையும் போகிற வழியிலும் வருகிற வழியிலும் காக்கட்டும். வெள்ளிக்கிழமை நான் ஓய்வுநாள் விளக்கேற்றுவதற்கு முன்னாலேயே ஃபோன் போடு, ஏற்றிவிட்டால் அப்பா ஃபோனைத் தொட மாட்டார், மறந்துவிடாதே, நீ பேசாதே, பிள்ளை கையில் கொடுத்துவிடு. எத்தனை தடவை மணி அடித்தாலும் நான் எடுக்கப் போவதில்லை.

உன் அம்மா,
ஃப்ளோரா