இரவல் தராசு

1957 பிப்ரவரி 4

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால்தான் ஜூனில் எங்கள் பள்ளிக்கு எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு கிடைக்கும். இல்லையென்றால் இந்தப் பிள்ளைகள் வேறு பள்ளி தேட வேண்டும். பெங்களூரில் இந்த அல்சூரிலிருந்து இரண்டு பஸ். யார் அனுப்புவார்கள், அதுவும் பெண்ணை?

பிப்ரவரி 11

விஞ்ஞானக் கூடம் வந்து இறங்கியது, மாட்டு வண்டியில். தராசு, கண்ணாடிக் குழாய்கள், ஸ்பிரிட் விளக்கு. எல்லாம் வேறொரு பள்ளியின் இரவல். இன்ஸ்பெக்டர் போனதும் திரும்பிப் போகும். எல்லாப் பள்ளியிலும் வழக்கம்தானாம். யாரும் தொடக் கூடாது என்றார் ஹெட்மாஸ்டர் கஸ்தூரிரங்கன். மூன்று வருஷமாக நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய தராசு! சந்திரம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். வகுப்பில் முதலாக வருகிறவள், நர்ஸ் ஆக வேண்டும் என்கிறவள்.

பிப்ரவரி 12

சொல்லிவிட்டேன். பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பா அலமாரி முன்னால் நின்று குறித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பள்ளிக் கமிட்டிப் பெரிய மனிதர்கள். "இதில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை, சார்" என்றேன். சத்தமாகவே. அவர் பேனா நின்றது.

நெஞ்சு லேசாக இருக்கிறது.

ஏப்ரல் 9

அனுமதி இல்லை. விஞ்ஞானக் கூடம் இல்லையாம். அடுத்த வருஷம் மறுபடி பார்ப்பார்களாம்.

கஸ்தூரிரங்கன் திட்டவில்லை. "ஒரு நாள் வாயை மூடிண்டு இருந்திருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 10

கிருஷ்ணப்பாவைப் பார்க்கப் போனேன். கத்தத்தான் போனேன். அவர் உட்காரச் சொன்னார்.

"அந்தத் தராச உங்க ஸ்கூலுக்கு வர்றதுக்கு முந்தின வாரமே இன்னொரு ஸ்கூல்ல பாத்தேன், மேஷ்ட்ரே. ஒரு தட்டு நசுங்கினது, அதே தராசு. பிள்ளைங்க பரீட்சை எழுதட்டும்னு கண்ண மூடிக்கிட்டேன். நீங்க நாலு பேர் முன்னாடி சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எழுதாம இருக்க முடியுமா?"

ஏப்ரல் 11

பிள்ளைகளுக்காகத்தான் பேசினேனா? கமிட்டிக்காரர்கள் முகம் சுருங்கியபோது எனக்கு இனித்தது. அது நிஜம்.

ஜூன் 14

இருபத்தேழு பேரில் பதினொரு பேர்தான் வேறு பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள். சந்திரம்மா சேரவில்லை. வீட்டுக்குப் போனேன். அப்பா கோவிந்தப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எனக்கு டீ வாங்கிவரப் பையனை அனுப்பினார்.

"வயசுப் பொண்ண ரெண்டு பஸ் மாத்தி அனுப்ப முடியாது சார். இங்கயே கிளாஸ் இருந்திருந்தா படிச்சிருக்கும்."

நான்தான் காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு மட்டும் எப்படி வந்தது? டீயைக் குடித்துவிட்டு வந்தேன். தூ!

1957 நவம்பர் 3

சந்திரம்மா ஊதுபத்திக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம்.

1958 ஜூன் 20

வகுப்பு வந்துவிட்டது. சொந்தத் தராசும் வந்துவிட்டது. கிருஷ்ணப்பா போன வருஷம் எழுதிய ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் மானியம் ஒதுக்கினார்களாம். "உங்களாலதான் ஐயா" என்று ஆசிரியர்கள் என் முதுகில் தட்டினார்கள். இந்த வருஷப் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு எடைக்கற்களை எடுக்கிறார்கள். நன்றாகவே படிப்பார்கள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமும் இருந்தது, வெட்கமில்லாமல்.

சாயங்காலம் கம்பெனி விட்ட நேரம். கரி படிந்த கைகளோடு சந்திரம்மா எதிரே வந்தாள். ஒதுங்கப் பார்த்தேன், அவள் நின்றுவிட்டாள்.

"தராசு வந்திருச்சாமே சார், தொட்டுப் பாக்க உடுறாங்களா?"

விடுகிறார்கள் என்றேன்.

"நல்லது சார். யாரு கேட்டு வாங்கிக் குடுத்தாங்க?"

"கவர்மெண்ட்" என்றேன்.