அரங்குக்குள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

21/8 வியாழன்
காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட என் சுடிதார் பக்கத்து வீட்டுக்குப் பறந்துவிட்டது. எடுத்துக் கொடுத்த அத்தை, "ஒங்கம்மைக்குள்ளதுன்னுல்லா நெனச்சேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேனோ.

இன்னும் இரண்டு வாரத்தில் அக்கா கல்யாணம். சீர்ப் பலகாரம் சுட்டாயிற்று. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. எல்லாம் அரங்குக்குள், வீட்டு நடுவில் ஜன்னலில்லாத அந்தச் சாமான் அறையில், தகர டின்களில்.

ஞாயிறு மாலை ஆன்லைன் கூட்டம். இந்தத் தடவை டவுண் பேச வேண்டும் என்று கூட்டத்தை நடத்தும் கவிதா மேடம் சொல்லிவிட்டார். டவுண் நான்தான். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். சேரன்மகாதேவி, ராதாபுரம், இன்னும் சிலர். எல்லோரும் என் வயது, என்னைப் போல் குண்டு, ஒளிந்து தின்கிறவர்கள். ஒருத்தர் முகத்தையும் பார்த்ததில்லை. ஆனாலும் வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் நான் தனியாக இல்லை.

24/8 ஞாயிறு
வீடு நிறைய ஆட்கள். கதவைச் சாத்திக்கொள்ள அரங்கு மட்டும்தான் மிச்சம். பலகார டின்களுக்கு நடுவே உட்கார்ந்து, அள்ளி அள்ளித் தின்பதை நிறுத்தும் கூட்டம். என் புத்தி!

எனக்கு முன்னால் சேரன்மகாதேவி பேசினாள். "ஒனக்குச் சோறு போட்டே நா அழிஞ்சிருவேன்" என்று விருந்தாளிகள் முன்னால் அப்பா சொன்னாராம். அழுதாள். கேட்கக் கேட்க என் கை டின்னுக்குள். பசியே இல்லை. மைக் அணைந்திருக்கிறது என்ற நினைப்பு.

அணையவில்லை. முறுக்குச் சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. அவள் பேச்சு நின்றது.

"டவுண், உங்க மைக் ஆன்ல இருக்கும்மா" என்றார் மேடம்.

துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கூட்டத்திலிருந்து வெளியேறினேன். அப்புறம் பாதி டின் காலி.

கதவுக்கு வெளியே அம்மா: "ஏட்டி, உள்ள என்னட்டி பண்ணுத? அக்கா பலகாரத்துல கைய வச்சிராத, என்னா!"

25/8 திங்கள்
கெமிஸ்ட்ரி டெஸ்ட். சுமார். ஷேர் ஆட்டோவில் ஒரு அக்கா, "பைய நவுந்து இரேன்" என்றாள். நகர இடம் எங்கே?

மேடத்திடமிருந்து மிஸ்டு கால். எடுக்க வெட்கம். ஒருத்தி அழும்போது முறுக்கு தின்றவள் நான். குரூப் இருக்கும் வாட்ஸ்அப்பையே திறக்கவில்லை. இதையும் விட்டால் எனக்குப் பேச ஆள் கிடையாது.

28/8 வியாழன்
நேற்றுப் பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. எத்தனை என்று எழுதப்போவதில்லை.

அம்மா டின்னைத் திறந்து பார்த்துவிட்டாள். திட்டவில்லை. "திரும்ப மாவு பெசையணும்லா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

குரூப்பிலிருந்து ஒரேயடியாகப் போய்விடலாம் என்று மாலையில் போனைத் திறந்தேன். எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி. ராதாபுரம். கூட்டத்தில் வாயே திறக்காத ஆள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஞாயிறன்றே வந்திருக்கிறது.

"நானும் தின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். எப்பவும் அப்படித்தான். என் மைக் ஆஃப்ல இருந்துச்சு, அவ்வளவுதான். நீ போயிராத."

நேற்று இன்னொன்று: "நீயும் போயிட்டியா."

பாத்ரூமுக்குள் போய் அழுதேன். அங்கேயே நின்று அடித்தேன்: "போகல. இங்கனதான் இருக்கேன். ஞாயித்துக்கெழமை வா. ரெண்டு பேரும் மைக்கத் தொறந்தே வைப்போம்."

ஒற்றை டிக். அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். இன்னும் ஒற்றை டிக்தான்.