நீலக் கோடு

திங்கட்கிழமை

ரோட்டில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். நீங்கள் நலமா? வண்டி நலமா? உங்களைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கேட்டேன் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் போன் செய்தால் முதலில் வண்டியின் சமாச்சாரம்தான் வருகிறது, என் தோள் கடைசியில்தான் வருகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு டேஷ்போர்டில் வைத்துவிடுகிறீர்கள். ராத்திரி வலது தோள் வலித்தது என்று நான் சொன்னால், அந்தப் பக்கம் இரண்டு பேர் உச்சுக்கொட்டுகிறார்கள். கட்டின புருஷனிடம் வலியைச் சொல்ல, என் சீட்டில் உட்கார்ந்து வரும் இன்னொருத்தியின் உச்சு எனக்கு எதற்கு? அதனால் எழுதுகிறேன். உங்கள் வழியில் லோடு ஏற்றிப் போகும் மீசைக்காரரிடம், நீங்கள் கேட்ட ஆயில் ஃபில்டரோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள். அப்படித் தனியாக இருக்க அங்கே நேரம் கிடைக்குமானால்.

புது டயர் மாட்டியதை போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பியிருந்தீர்களே, அவள் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினாள். டயர் நன்றாகத்தான் இருக்கிறது. நான் டயரைப் பார்க்கவில்லை. வீல் நட்டுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீலக் கோடு.

இருபது வருடத்துக்கு மேலாக நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறோம். நட்டை முறுக்கி முடித்ததும், நட்டிலிருந்து வீல் வரைக்கும் ஒரு கோடு இழுப்போம். நட்டு அசைந்தால் கோடு விட்டுப்போகும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒருநாள் வழியில் பெயிண்ட் தீர்ந்து என் பையிலிருந்த சிவப்பு நகப்பூச்சை எடுத்து நீங்கள்தான் இழுத்தீர்கள். பெயிண்டை விட நன்றாகப் பிடிக்கிறது என்று அதையே வழக்கமாக்கினீர்கள். அன்றிலிருந்து நான் பாட்டில் பாட்டிலாக வாங்குகிறேன். கடையில் இருக்கும் பெண் என் விரலையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்ப்பாள். எங்கே பூசுகிறீர்கள் என்று ஒருதரம் கேட்டேவிட்டாள். வீட்டுக்காரருக்குத் தெரிந்த இடத்தில்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது நீலம். பெயிண்டில் அந்த மினுக்கு வராது. எனக்குத் தெரியாதா? நம் வண்டிச் சக்கரத்தில் வேறொருத்தியின் நகப்பூச்சு.

அவளைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். டேங்கர் ஓட்டிப் பழகியவள். மேட்டில் கியர் மாற்றினால் டீ கோப்பை ததும்பாது. சத்தத்தை வைத்தே ஃபேன் பெல்ட் தளர்ந்ததைக் கண்டுபிடித்தாள். இந்த பெல்ட் கதையை மூன்று தரம் சொல்லிவிட்டீர்கள், காது புளித்துவிட்டது. நானும் அப்படிக் கண்டுபிடித்திருக்கிறேன். அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "சரி, ஏறு" என்றீர்கள். அவ்வளவுதான். உங்களை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள் என்று நீங்களாகவே சொன்னீர்கள். நான் கேட்கவே இல்லையே.

ஆபீஸ் கிளார்க் கேட்டதாகச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பதிலாக இப்போதைக்கு வந்த அந்த அம்மாவை உங்கள் வண்டிக்கே நிரந்தர இரண்டாவது டிரைவராக எழுதிவிடலாமா என்று கேட்டாராமே. எழுதக் கூடாது. அது என் சீட். தார்ப்பாய்க் கயிற்றை இழுக்கும்போது பிடித்துக்கொண்ட தோள், இழுத்து இழுத்தே சரியாகும். டாக்டர் சொன்ன பயிற்சிப்படி தினமும் சுவரோரம் நின்று விரலால் மேலே ஏறுகிறேன். நேற்று சுவிட்சுக்கு மேல் ஒரு சாண் ஏறிவிட்டேன். டாக்டரும் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

பிரேக்குக்கான ஏர் டேங்கில் தண்ணீர் வடிக்க மறக்காதீர்கள். அதை நீங்களே வடியுங்கள், அவளிடம் விடாதீர்கள்.

உங்கள் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டுக்காரி.

*

வெள்ளிக்கிழமை

வந்தும் வராதது போல் வந்து போனவருக்கு,

நேற்று நீங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள் என்றதும் மகள் மருந்துக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். நான் தலை வாரி, நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்தீர்கள், குளித்தீர்கள், சாப்பிட்டீர்கள், கட்டையாகச் சாய்ந்தீர்கள். எழுப்பினேன். ம் என்றீர்கள். தோளைப் பாருங்கள், எவ்வளவு தூக்குகிறேன் என்றேன். அதற்கும் ம். வண்டியில் வாய் ஓயாமல் பேசும் மனிதருக்கு வீட்டுக்கு வந்தால் வாய் ஒட்டிக்கொள்கிறது. அப்பாவை விடும்மா, களைத்து வந்திருக்கிறார் என்று மகள் உங்களுக்குப் பரிந்து வந்தாள். களைப்பு எனக்குத் தெரியாதா? நானும் அதே ரோட்டில்தானே ஓட்டினேன். வந்த அன்றைக்கு இரண்டு வார்த்தை பேசாமல் தூங்கியிருக்கிறேனா?

அந்தக் கோபத்தில்தான் லாரி நிறுத்தும் யார்டுக்குப் போனேன். நீங்கள் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது நான் நம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் இல்லை, யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்று இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினேன். ஏறும்போது வலித்தது, வாட்ச்மேன் பார்க்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். கண்ணாடியில் ஒரு விரல் தடம் இல்லை. கிரீஸ் அடிக்கும் கன்னைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். டேங்க் வால்வைத் திறந்து பார்த்தேன், ஒரு சொட்டு வரவில்லை. காலையிலேயே வடித்திருக்கிறாள். நான் உட்காரும் குஷனைத் தூக்கி எறிந்திருப்பாள், ஒரு சண்டைக்கு ஆகும் என்று நினைத்தேன். அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, தூசி படாமல் மேல் பலகையில் வைத்திருக்கிறாள். எனக்கு வயிறு எரிந்ததே அதைப் பார்த்துத்தான். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இறங்கி வந்தேன். நீலக் கோடு ஒவ்வொரு சக்கரத்திலும் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. பெயிண்டர் ஷெட்டில் கொஞ்சம் தின்னரும் துணியும் வாங்கினேன். ஒன்று விடாமல் துடைத்தேன். இடது பக்கப் பின் சக்கரத்தில் இரண்டு நட்டில் கோடு நேராகச் சேரவே இல்லை, விலகி நின்றது. டேங்கர் ஓட்டிய பெரிய டிரைவருக்கு ஒரு கோடு ஒழுங்காகப் போடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு. அதையும் துடைத்தேன். பிறகு என் பாட்டிலைத் திறந்து, எல்லா நட்டுக்கும் இடது கையாலேயே சிவப்புக் கோடு இழுத்தேன். வந்து பார்த்தால் தெரியட்டும், இது யார் வண்டி என்று.

சாயங்காலம் நீங்கள் எழுந்து அவசரமாகக் கிளம்பிப் போனீர்கள். நான் வாசலில் நின்று ஒன்றும் சொல்லவில்லை. நட்டைப் பார்த்து நீங்களே புரிந்துகொள்வீர்கள் என்றுதான் சொல்லவில்லை. இப்போது மனசு லேசாக இருக்கிறது. கிளார்க்கிடம் என் பதிலைச் சொல்லிவிட்டீர்களா?

சிவப்புக்குச் சொந்தக்காரி.

*

வெள்ளி, மதியம்

என் உயிரானவருக்கு,

காலையில் எழுதியதை மீசைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து, விரலில் ஒட்டியிருந்த சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு கோடும் கோணலாகப் போட்டதால் விலகவில்லை. நட்டு திரும்பியதால் விலகியிருக்கிறது. புது டயர் மாட்டினால் கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். முறுக்காமல் ஒருநாளும் கோடு போடாதவள் நான். தளர்ந்த நட்டின் மேல், சரியாக இருக்கிறது என்று என் கையாலேயே கோடு இழுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதன் மேல் முழு லோடோடு ராத்திரி பூராவும் நீங்கள் போயிருக்கிறீர்கள்.

உங்களுக்குப் போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அவள் எடுத்தாள். நீங்கள் மேலே ஏறித் தார்ப்பாயைச் சரிசெய்துகொண்டிருப்பதாகவும், போனைச் சீட்டிலேயே விட்டுவிட்டுப் போனதாகவும் சொன்னாள். உலகத்தில் யாரிடம் சொல்லக் கூடாது என்று நினைப்பேனோ, அவளிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வண்டியை எடுக்காதீர்கள், இடது பின் சக்கரத்தைப் பாருங்கள் என்று சொன்னேன். அவள் கொஞ்சம் நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"தெரியும்க்கா. கிளம்பறதுக்கு முன்னாடி பாத்தேன். கோடு புதுசா இருந்துச்சு, ஆனா நட்டு ஓரமெல்லாம் தூசி அப்படியே இருந்துச்சு. ஸ்பேனரே படல. எல்லாத்தையும் முறுக்கிட்டுத்தான் எடுத்தோம். முறுக்கினதுல உங்க கோடு விலகிருச்சு, எங்கிட்ட நீலம்தான் இருந்துச்சு, அதையே மறுபடி இழுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க. அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல."

என் வயதுக்காரிதான். ஆனாலும் என்னை அக்கா என்கிறாள். இதையும் நான் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்திருப்பேன். கெட்டிக்காரியாகவும் இருந்து நல்லவளாகவும் இருந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வைத்துவிடலாம் என்று இருந்தேன். வெச்சிடாதீங்க என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் ஓட்டும்போது அண்ணன் தூங்கறதே இல்லக்கா. பின்னாடி படுத்து கண்ண மூடிக்குவாரு. நான் கியர் மாத்தினா அவரு கால் அசையும். கேட்டா, எம் வீட்டுக்காரி ஓட்டினா தூக்கம் வரும்மா, வேற யார் ஓட்டினாலும் வரதில்லங்கறாரு. இன்னைக்கு விடியக்காலம் அவரு முறையில வண்டி ரோட்ட விட்டு மண்ணுல இறங்கிடுச்சு. கண்ணு சொக்கிருச்சு. நான் கத்தினதுலதான் திருப்பினாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

பொய் சொல்ல மாட்டேன். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் எரிந்த வயிற்றில் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது போல் இருந்தது. வேற யார் ஓட்டினாலும் வரதில்லை என்று நீங்கள் அவளிடமே சொல்லியிருக்கிறீர்களே. அந்த வார்த்தையை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகுதான் வண்டி மண்ணில் இறங்கியது காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து ஏன் அப்படி விழுந்து கிடந்தீர்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. நான் உங்களை எழுப்பி எழுப்பிச் சண்டைக்கு இழுத்தேன்.

மீசைக்காரருக்கு இன்னும் லோடு ஏறவில்லை. காலையில் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. வேண்டாம், இரண்டையும் படியுங்கள். அவள் உங்களிடம் மறைத்ததை நான் மறைக்கக் கூடாது. சக்கரத்தைப் பற்றி என்னை எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டுங்கள், ஸ்பீக்கரில் போட்டே திட்டுங்கள்.

டாக்டர் பார்க்கலாம் என்றார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அவர் அதை மகளைப் பார்த்துத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரில் விரலால் எவ்வளவு ஏறினாலும் ஸ்பேனரைப் பிடித்து இழுக்க இந்தக் கை வராது. நேற்று அந்த நட்டில் ஸ்பேனரை வைக்காமல் நான் கோடு மட்டும் இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வைத்துப் பார்த்துத் தோற்க எனக்குத் தைரியம் இல்லை.

கிளார்க்கிடம் அவள் பெயரை எழுதச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள். குஷனை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஜன்னலோர நாற்காலிக்கு ஆகும்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். அவள் ஓட்டும்போது தூங்குங்கள். நல்ல டிரைவர், நான் சொல்கிறேன், நம்புங்கள். முதல் சில நாள் வரவில்லை என்றால், நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். போகப் போக அவள் ஓட்டுகிறாள் என்று தெரிந்தே தூங்கப் பழகிக்கொள்ளுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, நல்லபடியாக வீடு வந்து சேருங்கள். வந்ததும் எல்லாச் சேதியும் சொல்லுங்கள். நிம்மதியாகத் தூக்கம் வர ஆரம்பித்துவிட்டது என்பதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் மனைவி.