மூன்றாம் மெஷினின் ஓநாய்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மணலி ஃபாக்டரிகள் பக்கமிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றம் மழைக்கும் அடங்கவில்லை. நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில் ஆறு மெஷினில் நாலுதான் ஓடுகிறது.

இன்றைய வேலை: சுவரில் ஒட்ட ஒரு நோட்டீஸ். தெருவில் எல்லோருக்கும் இப்போது அந்த ஓநாய் விளையாட்டுப் பைத்தியம். நெட்டில் ஒரு காடு, ஆளுக்கொரு ஓநாய், கூட்டமாகச் சேர்ந்து வேட்டை. எல்லாம் இங்கிலீஷ். புதிதாக வருகிறவன் அரை மணியில் செத்துப்போய் என்னிடம் சண்டைக்கு வருகிறான். எங்கள் கூட்டத்தில் நன்றாக ஆடுகிறவன் பாஸ்கர் (இனி பா.). கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் வேலை, பக்கத்துத் தெரு, ஸ்கூலில் என் கூடப் படித்தவன். அவன் சொல்லச் சொல்ல எழுதியது:

1. முதலில் தண்ணீர். பிறகுதான் வேட்டை.
2. முதல் வாரம் முயல் மட்டும். தனியாக மான் பக்கம் போனால் உதைபட்டுச் சாவாய்.
3. மரத்தில் மோப்பக் குறி இருந்தால் அது வேறு கூட்டத்தின் எல்லை. திரும்பி வா.
4. நீ எழுந்து போனாலும் உன் ஓநாய் காட்டில்தான் நிற்கும். இரண்டு நாள் தீனி இல்லாவிட்டால் செத்துவிடும். வர முடியாதவன் நம்பிக்கையான ஆளிடம் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டுப் போ.

"நாலாவத பெருசா எழுது அமுதா. என் பாஸ்வேர்டு உன்கிட்ட கீதுல்ல, அந்த மாறி."

பெரிதாக எழுதினேன்.

பா. 4.10க்கு வந்தான், 6க்குப் போனான். மூன்றாவது மெஷின். ரிஜிஸ்டரில் வழக்கம்போல் குமரேசன்.

(குமரேசன் ஓனரின் மச்சான். துபாயில் இருக்கிறான். அடையாள அட்டை இல்லாதவரை உட்கார வைக்கக் கூடாது என்பது போலீஸ் உத்தரவு. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அட்டையே கிடையாது. கேட்டு நடந்தால் நாளைக்கு வா என்பார்கள், ஒரு நாள் கூலி போகும். அதனால் டிராயரில் குமரேசன் அட்டையின் ஜெராக்ஸ். இன்று ஒரே நேரத்தில் மூன்று மெஷினில் குமரேசன். எழுதியது நான்.)

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. கடை திறக்கும்போதே பா.வின் அம்மா வாசலில். மீன் கூடை இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை.

"யம்மா அமுதா, எம்புள்ளய காலங்காத்தால போலீசு இட்டுகினு பூட்டாங்கம்மா. சட்ட கூட போட வுடல."

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு எண்ணூர் போகும் ரோட்டில் ஒரு லாரி டிரைவரை அடித்து செல்போன் பறித்தார்களாம். பறித்தது மூன்று பேர். எனவே எங்கள் பக்கம் மூன்று பேரைப் பிடித்தாயிற்று. கணக்கு சரியாகிவிட்டது.

"அஞ்சு மணிக்கு சென்டர்ல இருந்தேன்னு சொல்லிகினே கீறானாம். நீ ஒரு வார்த்த சொன்னா வுட்ருவாங்கல்ல?"

சொல்கிறேன் ஆயா என்றேன். சொன்ன பிறகுதான் ரிஜிஸ்டர் ஞாபகம் வந்தது. அதில் அவன் பெயரே இல்லை.

மதியம் ஏட்டு வந்தார். ரிஜிஸ்டர் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"யாரும்மா இந்த குமரேசன்? ஒரே ஆளு மூணு பொட்டிய தட்றான். இன்னா, பத்து கையா அவனுக்கு?"

ஓனர் சிரித்தார். ஏட்டும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை எப்படி எழுதுவது.

"பாஸ்கர்னு ஒருத்தன் வந்தானா?"

"அந்தப் பேர்ல யாரும் இல்லீங்க சார்," ஓனர்.

ஏட்டு என்னைப் பார்த்தார். நான் மவுசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த மவுஸ்.

நவம்பர் 6, வியாழன்

தூக்கம் இல்லை. வாசலில் பைக் நின்றாலே எட்டிப் பார்க்கிறேன்.

11 மணிக்கு யாரும் இல்லை. பா.வின் ஓநாய் செவ்வாய்க்குப் பிறகு தின்னவில்லை, இன்று சாயங்காலத்தோடு இரண்டு நாள் என்று ஞாபகம் வந்தது. அவன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தேன். எலும்பாக நிற்கிறது, மேலே சிவப்புக் கோடு. ஆற்றுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர், இரண்டு முயல். அதையாவது சாகவிடாமல் பார்த்துக்கொண்டேன் என்று ஒரு சின்ன நிம்மதி.

அப்போதுதான் ஓரத்தில் வேட்டைக் குறிப்பு கண்ணில் பட்டது. எத்தனை நாளாகப் பார்க்கிறேன், மண்டையில் ஏறவில்லை. செவ்வாய் 11.42, முயல். 11.58, முயல். அந்தக் கடிகாரம் லண்டன் நேரம். ஐந்தரை மணி கூட்டினால் 5.12, 5.28. டிரைவரை அடித்த நேரத்தில் பா. காட்டில் முயல் பிடித்துக்கொண்டிருந்தான்! பிரின்ட் போட ஓடினேன். ஓனரைக் கூப்பிட்டேன்.

காகிதம் வெளியே வந்தது. மேல் வரி: வியாழன், இன்றைய தேதி, முயல். முயல்.

பா. லாக்கப்பில். அவன் ஓநாய் வெளியே வேட்டை. இன்றைக்கு வேறு யாரோ ஆடியிருந்தால் செவ்வாயன்றும் வேறு யாரோ ஆடியிருக்கலாம்.

ஓனர் படித்துவிட்டு, "அறிவு கீதா உனக்கு?" என்றார்.

நோட்டீஸைக் கிழித்தேன். நாலாவது விதி மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நகத்தால் சுரண்டினேன்.

நவம்பர் 7, வெள்ளி

ரிமாண்ட். மூன்று பேரும் புழல் ஜெயிலில்.

ஆயாவோடு வக்கீலைப் பார்த்தேன். பிரின்டைப் பார்த்து, "இது நரியா?" என்றார். ஓநாய் என்றேன். மடித்து வைத்துவிட்டார். "இத எடுத்துட்டுப் போனா என்னையே உள்ள போடுவாங்க. நீங்க நேர்ல வந்து, பொய்ப் பேரு எழுதினது நான்தான்னு சொல்லணும். ரிஜிஸ்டர் வேணும். உங்க மேல கேஸ் வரலாம். வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

ஆயா என் முகத்தையே பார்க்கவில்லை. கேட்கக் கூடாது என்று தரையைப் பார்த்தபடி நின்றார். கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ஓனர்: "அந்தப் பக்கத்தக் கிழிச்சி அடுப்புல போட்ரு. கடைக்கு சீல் வெச்சா நீயும் நானும் நடுத்தெரு. அவன் எப்டியும் ரெண்டு மாசத்துல வந்துருவான்."

ரெண்டு மாசம். வெளியே வந்தால் அடுத்த திருட்டுக்கு முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இது ஓனருக்கும் தெரியும். அட்டை கொடுக்காததும் சர்க்கார், அட்டை எங்கே என்று கேட்பதும் சர்க்கார். நடுவில் எழுதினவள் நான்.

ரிஜிஸ்டரைத் துப்பட்டாவுக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். வேலை போயிற்று என்று அர்த்தம். அம்மாவிடம் சொல்லவில்லை.

புதிதாக ஆட வருபவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது, பா. சொல்ல மறந்தது. மாட்டிக்கொண்டால் ஊளையிடு. கூட்டத்தில் யார் கேட்டாலும் வருவார்கள். விளையாட்டில் வருவார்கள்.

நவம்பர் 10, திங்கள்

தூறல். கோர்ட் வராந்தா. பென்ச் நனைந்திருக்கிறது. நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன்.

ஜாமீன் மனுவோடு என் வாக்குமூலம். மாஜிஸ்திரேட் என்னை நேரில் கேட்க வேண்டும் என்றாராம்.

கையில்: ரிஜிஸ்டர். என் அட்டை. குமரேசன் ஜெராக்ஸ்.

ஆயா டீ வாங்கி வந்தார். குடிக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டேன், சூடாக இருந்தது.

ஏட்டு இந்தப் பக்கம் வந்தார். நின்றார். ரிஜிஸ்டரைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சியாம்மா? நாளைக்கும் நீ இந்த ஏரியாவுலதான இருக்கணும்."

மெதுவாக, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் பயம். போய்விட்டார்.

பா.வைக் கொண்டுவரவில்லை. ஒரு விதத்தில் நல்லது, அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

வக்கீல் சொன்னது: என் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார்கள், மூன்றாவதற்கும் வராவிட்டால் ஆள் இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

முதல் தடவை கூப்பிட்டாயிற்று. இரண்டாவது. எழுந்து நின்றுதான் இதை எழுதுகிறேன். நோட்டை மூடிவிட்டு உள்ளே போகிறேன்.