மல்லாட்டை எண்ணெய்க் கேன்

காலையிலிருந்து மூன்று முறை கை கழுவிவிட்டேன். முதலில் சோப்பு, அடுத்து சீயக்காய், கடைசியாக வீட்டில் செம்புப் பாத்திரம் தேய்க்க வைத்திருந்த புளி. உள்ளங்கையில் மல்லாட்டை எண்ணெய் வாசனை, அதுதான் கடலை எண்ணெய் வாசனை, அப்படியே இருக்கிறது. உனக்கு இதில் வியப்பு இருக்காது. அந்தப் பத்து லிட்டர் கேனில் எண்ணெய் இருந்தது எந்தக் காலத்திலோ. அதன் பிறகு அதில் நீ தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றியதில்லை. ஆனாலும் ஆறு கோடைகளாகத் திண்டிவனத்துப் பிள்ளைகள் ஏரிக்கரையில் குடித்த தண்ணீர் தாளித்த தண்ணீர் போலத்தான் மணந்தது.

புதன்கிழமை உன் மனைவி ஸ்டெல்லா அதை ஸ்கூட்டரில் காலடியில் நிறுத்தி எடுத்துவந்தாள். “மே மாசம் பொறந்ததும் உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு அண்ணா. ‘அவன் தூக்கட்டும்’னாரு” என்றாள். வாரிசாக என்னை நியமித்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டேன். பட்டமளிப்பு விழாவில் வாங்குவது போல இரண்டு கைகளாலும் வாங்கினேன்.

அவள் உட்காரவில்லை. “ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரில டாக்டர் நம்மள வெளிய கூப்ட்டுச் சொன்னாரே, நான் அழுதுக்கினு அங்கியே நின்னுட்டேன். நீங்கதான் உள்ள போனீங்க. அவரு உங்கள இன்னா கேட்டாரு? நீங்க இன்னா சொன்னீங்க? தெரிஞ்சி போனாரா, தெரியாம போனாரா?”

காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். முப்பது வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு அந்த நேரத்தில் கிடைத்த பதில் அதுதான்.

“ஞாயித்துக்கிழமை நானும் நடக்க வர்றேன். அப்ப சொல்லுங்க” என்று கிளம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கேனைச் சமையலறையில் வைத்தேன். இடைஞ்சலாகப் பட்டது. பால்கனிக்குக் கொண்டுபோனேன். வெயிலில் காய்ந்து வெடித்துவிடும் என்று தோன்ற, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்: “ஒரு இடத்துல வைங்க அத. பூனை குட்டியக் கவ்விக்கினு அலையற மாதிரி அலையறீங்க.”

எல்லாம் என் நூலகத்து அறிவிப்புப் பலகையில் தொடங்கியது. நீ வானூர் தடத்தில் நடத்துநர். ஓய்வு நாளில் பேப்பர் படிக்க வருவாய். ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கோடை முகாமுக்கு அச்சடித்த நோட்டீஸை அன்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். இயற்கையை அறியும் பத்து நாள் பயிற்சி, குளிரூட்டப்பட்ட அரங்கில். நீ அதை இரண்டு தரம் படித்தாய். “காட்ட ஏசி ரூம்ல வெச்சிருக்காங்கடா. வெயில்ல கெட்டுப் போயிடும்னு.” பிறகு என் மேசையிலிருந்து ஒரு தாளை உருவி, பேருந்துக் கால அட்டவணை எழுதும் கையெழுத்தில் எழுதி, பக்கத்திலேயே ஒட்டினாய். மே மாதம் முழுக்க, ஞாயிறு காலை ஏழு மணி. கூட்டேரிப்பட்டு போகும் வழியிலுள்ள ஏரி. அப்பா அம்மா இல்லாமல் பிள்ளைகள் வரக்கூடாது. செருப்புப் போட்டு வரவும்.

தேவாலயத்தில் முதல் பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையோடு நீ வந்தாய். கழுத்தில் விசில். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் நடக்க வேண்டும். நான்கு குடும்பங்கள் வந்திருந்தன. தண்ணீர் இல்லாத ஏரியில் என்ன பார்ப்பது என்று தெரியாமல் அவர்கள் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விதி ஒன்றே ஒன்று. அதுவும் பெரியவர்களுக்குத்தான். பிள்ளை எதையாவது கேட்டால் தெரிந்ததைச் சொல்லலாம், இல்லையென்றால் தெரியாது என்று சொல்ல வேண்டும். தெரியாமல் அடித்துவிடுபவர் அன்றைய நடை முடியும்வரை தண்ணீர்க் கேனைத் தூக்க வேண்டும். ஒரு பதிலுக்கு ஒரு ஞாயிறு. மேல்முறையீடு கிடையாது.

முதலில் மாட்டியவர் மனை விற்கும் தரகர். கரையோரப் பனைமரத்தடியில், பொடி மண்ணில், புனல் கவிழ்த்தது போலச் சின்னச் சின்னக் குழிகள். அவருடைய மகள் அது என்ன என்று கேட்டாள்.

“மழத் துளி விழுந்த எடம்மா” என்றார், மனையைக் காட்டும் அதே குரலில்.

“மழ எப்ப சார் பேஞ்சுது?” என்றாய் நீ.

அவர் வானத்தைப் பார்த்தார். “போன வாரம்... லைட்டா...”

“கேனத் தூக்குங்க சார். ஜல்தி.”

பிறகு எல்லோரையும் மண்ணில் குப்புறப் படுக்க வைத்தாய். கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் ஓர் எறும்பு குழிக்குள் சறுக்கியது. அடியிலிருந்து ஏதோ ஒன்று மண்ணை வாரி எறிந்தது. எறும்பு உள்ளே போய்விட்டது. அடுத்த ஞாயிறு அதே தரகர், ஓடையில் கிடந்த ஒரு கல்லைப் பற்றி மகள் கேட்டதும், “தெரியாதும்மா!” என்று சந்தோஷமாகக் கத்தினார். நிலத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திருந்தினார்கள். நான் திருந்தவில்லை. பாதியில் நின்றுபோன தூக்கணாங்குருவிக் கூட்டைக் காட்டி என் மகள் கேட்டபோது, பறவைகளின் இல்வாழ்க்கையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். நீ பொறுமையாகக் கேட்டாய். “நீ பாத்தியா?” “படிச்சேன்.” “இந்தக் கூட்டப் பத்தியா?” கேன் என் தோளுக்கு வந்தது. ஆறு கோடைகளில் அதிகம் தூக்கியவன் நான்தான். படித்தவனுக்குத் தோள்பட்டை பலமாக இருக்க வேண்டும் என்று நீ பிள்ளைகளிடம் சொல்வாய்.

பிப்ரவரியில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தாய். நான் அறைக்குள் வந்ததும் கேட்டாய்: “இன்னாடா சொன்னாரு?”

“ஒண்ணும் இல்லடா. மே மாசம் ஏரிக்கு நடந்துடலாம்னாரு.”

டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, “கேன் எங்கடா?” என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தது போலத்தான் இருந்தது. அதற்கடுத்த நான்கு நாளும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து, நகரப் பேருந்துகளுக்கு அடித்திருக்கும் புது வண்ணத்தைப் பற்றி ஓயாமல் பேசினேன். ஐந்தாம் நாள் நீ இல்லை.

இன்று பன்னிரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. யாரும் மாட்டவில்லை, கேனை நானே தூக்கிவந்தேன். பிள்ளைகள் பனைமரத்தடியில் குப்புறப் படுத்ததும் ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சொல்லுங்க அண்ணா.”

புதன் முதல் சனி வரை நான் தயாரித்த பதில் ஒன்று இருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது, நிம்மதியாகத்தான் போனான் என்று. நல்ல பதில். அச்சுக்கே அனுப்பலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் தோளில் கேன் இருந்தது.

“மே மாசம் நடக்கலாம்னு டாக்டர் சொன்னதா சொன்னேன்மா. பொய் சொன்னேன்.”

“அவரு?”

“கேன் எங்கடான்னு கேட்டான்.”

அவள் கேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “மே மாசம் பொறந்ததும் குடு, அவன் தூக்கட்டும்னாரே. நான் இன்னா நெனச்சேன், தன்னால நடக்க முடியாது, வீட்ல படுத்துக்கினு இருப்போம்னு நெனச்சிதான் உங்கள தூக்கச் சொல்றாருன்னு...” மறுபடியும் கேனை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப அவருக்குத் தெரிஞ்சிதான் இருந்திருக்கு.”

“அப்படி இல்லம்மா, அவன் என்ன நினைச்சிருப்பான்னா...” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணா. இன்னொரு ஞாயித்துக்கெழம சேந்துடப் போவுது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கைப்பையிலிருந்து உன் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினாள். படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். நான் நடந்தேன்.

ஆக, நீ எனக்கு விட்டுப்போனது சொத்தில்லை, தண்டனை. அதில் எனக்கு வருத்தம் இல்லை, தீர்ப்பு சரிதான். என்னை உட்காரவிடாமல் எழுப்புவது அந்த நான்கு நாள். உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. நடுவில் பேருந்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு சொல் உண்மையாகச் சொல்லியிருந்தால் நீ என்னிடம் எதையாவது சொல்லியிருப்பாய். அது என்னவாக இருந்திருக்கும் என்று மத்தியானத்திலிருந்து வீட்டுக்குள் நடந்து நடந்து யோசிக்கிறேன். ஏழெட்டுப் பதில்கள் வந்தன. எல்லாமே நன்றாக இருந்தன. ஒன்றையும் உன் வாயால் நான் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் தரகர், தோள் மாற்றிக்கொள்ளவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு சிறுமி என் கையைப் பிடித்து இழுத்து, முள்ளோடு நின்ற ஒரு மரத்தைக் காட்டி, “தாத்தா, இது இன்னா மரம்?” என்றாள். கருவேலம். சின்ன வயதிலிருந்து பார்க்கும் மரம். ஆனாலும் நின்றேன். கேனை இறக்கி வைத்தேன். கிட்டே போய், பட்டையைத் தொட்டு, முள்ளைப் பார்த்து, ஓர் இலையைப் பறித்து முகர்ந்தேன். மல்லாட்டை எண்ணெய் வாசனைதான் வந்தது. அதன் பிறகுதான் பெயரைச் சொன்னேன்.