மருமகளுக்கு, புகையடுப்பைப் பார்த்துக்கொண்டவள் எழுதுவது

என் தங்கமே,

உன் அப்பாவை அழைத்துவர பஸ் நிலையம் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. கோழிக்கறி, நீ டிரம்மில் செய்த புகையடுப்புக்குள் மெல்ல வெந்துகொண்டு பத்திரமாக இருக்கிறது.

காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது, "அத்தை, தயவுசெஞ்சு ஊதாதீங்க, விசிறாதீங்க. சூடு காட்டுற முள்ளு இறங்கினா கீழ் ஓட்டையை விரல்கடை தொறந்துட்டு சும்மா உக்காருங்க" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அடுப்போடு ஆயுசைக் கழித்தவளுக்கா பாடம் என்று உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மத்தியானம் காற்று மாறியதும் முள் மளமளவென்று இறங்கியது. கை தானாக விசிறியைத் தேடியது. ஆனாலும் நீ சொன்னபடி கீழ் ஓட்டையை மூடிய தகட்டை விரல்கடை நகர்த்திவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோல முள் மெல்ல ஏறி, நீ கோடு போட்ட இடத்தில் நின்றது. பழைய எண்ணெய் டிரம்முக்கு அளந்து மூச்சுவிடக் கற்றுக்கொடுத்திருக்கிறாயே, கெட்டிக்காரி!

மூடியைத் திறந்து பார்க்கவில்லை, சத்தியம்.

இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன்: "பொம்பளப் புள்ளைக்கு வெல்டிங் எதுக்கு?" என்று கேட்டு உன்னோடு பேச்சை நிறுத்திய உன் அப்பா, நான் அழைத்ததால் இன்று முதல்முறை வருகிறார். நீ பயப்படாதே. வழியில் நான் வாயே திறக்க மாட்டேன். நேராகக் கொல்லைப்புறம் கூட்டி வந்து டிரம்முக்கு முன்னால் நிறுத்துவேன். வெல்டிங் ஒட்டு எங்கே என்று தேடித் தடவிப் பார்ப்பார். சூடு என்று சொல்ல மறந்தாலும் மறந்துவிடுவேன்.