இன்னும் இறங்காதவருக்கு

பாக்கார் ஆராங்,
சுங்கை பட்டாணி.
புதன்கிழமை, 27 மே

என் அன்பிற்குரிய யோகேந்திரனுக்கு லோகேஸ்வரி எழுதுவது.

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்கள் அந்தக் கிராமத்து விடுதியிலேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நம்மோடு பாறை ஏறுகிற ஐமன் இதை எடுத்துக்கொண்டு நாளை மதியம் காட்மாண்டு புறப்படுகிறார். அங்கிருந்து நீங்கள் இருக்கும் இடத்துக்கு நடந்து வர நான்கு நாளாவது ஆகுமாம். என் குரல் பதிவுகளை எல்லாம் நீங்கள் கேட்டுவிட்டதாகப் போனில் தெரிகிறது. பதில் மட்டும் இல்லை. எழுதிக் கொடுத்தால் படிப்பீர்களோ என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நேற்று விடுதிக்காரரைப் போனில் பிடித்தேன். நீங்கள் ஜூன் மூன்றாம் தேதி தனியாக மேலே ஏறப் போவதாகச் சொன்னார். கூட வர வழிகாட்டிகள் யாரும் சம்மதிக்கவில்லையாம். புதுக் கயிறு வாங்கி வைத்திருக்கிறீர்களாம். போனை வைத்த பிறகு நான் சமையல் அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலைக்குப் போகவில்லை.

யோகா, மலை தெரியாதவள் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் பாலிங் பாறைதான் நமக்கு. நம் கல்யாணத்துக்கு வந்த சனம் காய்ப்பேறிய என் கையைப் பார்த்து, பெண் ரப்பர் வெட்டப் போகிறாளா என்று கேட்டதே. கார் நிறுத்தும் இடத்தில் பலகை அடித்து, ஏறிப் பழகச் சுவர் கட்டினோம். அந்தப் பிடிகளில் இன்னும் நீங்களும் வசந்தனும் கை வழுக்காமல் பூசிய சாக் தூள் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன். வெயில் ஏறி, பனி இளகி, மழையும் தொடங்கப் போகிற நேரத்தில் வசந்தன் விழுந்த அந்தப் பனிப்பிளவுக்குள் ஒற்றை ஆளாக இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்கு நாள் ஹெலிகாப்டரோடு தேடியவர்களுக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைக்காது. இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது.

வசந்தன் வீட்டுச் செய்தியும் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தை தஞ்சோங் டாவாயில் செய்தார்கள். உடல் வரும்வரை பொறுக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவனுடைய அப்பா பரஞ்சோதி மாமா கேட்கவில்லை. பாடாங் மேஹா வீட்டிலிருந்து அவனுடைய நீலச் சட்டையையும் ஏறுகிற காலணியையும் எடுத்து வந்திருந்தார். ஆறு கடலில் சேரும் இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சட்டையை விட்டார். காலணியை விட மனம் வரவில்லை. திரும்பக் கொண்டுபோய்விட்டார். கரையில் என்னிடம், “அங்க ரொம்பக் குளிருமாம்மா?” என்று கேட்டார். நான் அவர் தோளில் துண்டைப் போர்த்திவிட்டேன்.

அன்று சாயந்திரம் வசந்தன் மனைவி நளினி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். வசந்தன் கடைசியாக அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். இருமலோடு பேசுகிறான். “தல வலிக்குது, எறங்கிரலாம்னு சொன்னேன். யோகா அண்ண இன்னும் ஒரு நாள் பாப்போம்னு சொல்றாரு. நாளைக்கு ஏறிட்டு வந்துர்றேன் லா, பயப்படாத.” அவ்வளவுதான். முதல் நாளிலிருந்தே அவளிடம் அது இருந்திருக்கிறது. மாமாவுக்குக் கூடக் காட்டவில்லை.

நீங்கள் ஏன் இறங்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவள் காலைப் பிடித்துக்கொள்ளத்தான் போனேன். என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். “அண்ணன் சொல்லி மட்டும் இவரு ஏறல அக்கா. இவருக்கும் ஆச. அது எனக்குத் தெரியாதா? ஆனா அண்ணன் என் முன்னால வந்து நிக்கணும். அங்க என்ன நடந்துச்சுன்னு அவரு வாயால சொல்லணும். உடம்ப கொண்டாந்தாதான் மூஞ்சியக் காட்டுவேன்னு அங்கயே கெடந்தா, நான் யாரக் கேப்பேன்?”

கேட்டீர்களா? அவள் உங்களைத் திட்டலாம். அடிக்கவும் செய்யலாம். மன்னிப்பாள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தேவைப்படுகிற ஒன்று உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டு அந்தப் பிளவுக்குள் போய்விடாதீர்கள்.

இனி எழுதுவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

ஏறுவதற்கு முந்தின நாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். வசந்தனுக்கு உடம்பு சரியில்லை, திரும்பிவிடலாமா என்று கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன்? மூன்று வருடம் லீவு சேர்த்துப் போயிருக்கிறீர்கள், இவ்வளவு கிட்டத்தில் வந்து திரும்பாதீர்கள், ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். என் தொழிற்சாலையில் என் பக்கத்தில் வேலை செய்த வசந்தனை முதன்முதலாகப் பாலிங்குக்கு அழைத்து வந்ததும் நான்தான்.

இந்த நாள்வரை அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. முழுவதையும் உங்கள் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நளினி என் தோளில் சாய்ந்து அழுகிறாள். நான் அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுக்கிறேன். நான் உங்களிடம் சொன்னது அவளுக்குத் தெரியாது. வாயைத் திறக்கிறேன், வர மாட்டேன் என்கிறது.

தனியாக என்னால் முடியாது, யோகா. ஐமனோடு இறங்கி வாருங்கள். பினாங்கு விமான நிலையத்தில் வந்து காத்திருக்கிறேன். வீட்டுக்குக்கூடப் போக வேண்டாம், நேராகப் பாடாங் மேஹாவுக்குப் போவோம். நீங்கள் உங்களுடையதைச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று நான் என்னுடையதைச் சொல்கிறேன்.

முருகன் உங்கள் கால்களுக்குத் துணையாக இருக்கட்டும். ஒவ்வொரு அடியும் கீழ்நோக்கியே இருக்கட்டும்.

உங்கள் வரவுக்காக உயிரைக் கையில் பிடித்திருக்கும்,
லோகேஸ்வரி